குப்பைமேட்டிலிருந்து தொடங்குங்கள்: எகிப்தின் கிழக்குப் பாலைவனத்து ரோமானியக் கோட்டைகளைப் படிக்க ஒரு வழிகாட்டி

ரோமானியப் பேரரசின் எல்லை என்றதும் பலருக்கும் பிரிட்டனில் ஹேட்ரியன் எழுப்பிய நீண்ட கல்சுவர்தான் நினைவுக்கு வரும். கிழக்கே, மழையை மறந்துபோன நிலங்களில் எல்லை வேறு மாதிரி இருந்தது. நைல் ஆற்றுக்கும் செங்கடலுக்கும் நடுவே கிடக்கும் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் அப்படி ஒரு சுவர் கிடையாது. ஒரு கிணறு இருக்கும். அதைச் சுற்றி நான்கு பக்கமும் மதில், உள்ளே பதினைந்து பேர் அளவில் ஒரு சிறு படை. அங்கிருந்து புறப்பட்டால் அடுத்த தங்கலில் இன்னொரு கிணறு, இன்னொரு மதில். இப்படிக் கிணறு கிணறாகப் போன பாதைகளைக் காத்ததுதான் இங்கே எல்லைக் காவல்.

தொல்லியலில் புதிதாக ஆர்வம் கொண்டவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்பும் இடம் இதுதான். மழை இல்லாததால் மண் எதையும் அழிக்கவில்லை. கயிறு, கந்தல் துணி, வெங்காயத் தோல், பன்றி எலும்பு, பானை ஓட்டில் மையால் எழுதிய கடிதம் எல்லாம் அப்படியே கிடைத்திருக்கின்றன. பேரரசரின் ஆணையைப் படிக்கும் அதே நாளில், காய்கறிக் கட்டு வந்து சேரவில்லை என்று புலம்பும் காவலரின் கடிதத்தையும் படிக்கலாம். இப்படி வாய்க்கும் இடங்கள் உலகத்தில் குறைவு.

கிரேக்கமும் லத்தீனும் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஒரு நோட்டு, இணையம், செயற்கைக்கோள் படம் காட்டும் கூகுள் எர்த், வாரத்துக்கு இரண்டு மாலை நேரம் இருந்தால் போதும்.

முதல் படி: ஒரே ஒரு பாதையைப் பிடியுங்கள்

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் படிக்கப் பார்ப்பது. சிரியா, ஜோர்டான், எகிப்து, வட ஆப்பிரிக்கா என்று பாய்ந்தால் ஒரு மாதத்தில் பெயர்களெல்லாம் குழம்பிவிடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று நோட்டு நிறைந்தும் தலையில் ஒன்றும் தங்கவில்லை.

நைல் கரையில் கோப்டோஸ் என்ற ஊர் இருந்தது. இன்று அதன் பெயர் கிஃப்ட். நைல் அங்கே கிழக்கே வளைந்து செங்கடலை நெருங்குவதால் பாலைவனப் பாதைகள் அங்கிருந்து கிளம்பின. ஒன்று ஏறத்தாழ 180 கி.மீ. சென்று மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்தை அடைந்தது. இன்றைய குசைர் நகருக்கு வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள குசைர் அல்-காதிம்தான் அந்த இடம். மற்றொன்று தெற்கே சாய்ந்து ஏறத்தாழ 380 கி.மீ. கடந்து பெரெனிகே துறைமுகத்துக்குப் போனது. கோப்டோஸிலிருந்து பெரெனிகே போய்ச் சேர 12 நாள் ஆகும் என்றும், வெயிலுக்குப் பயந்து இரவில் நடந்து பகலில் நீர் உள்ள தங்கல்களில் ஓய்வெடுப்பார்கள் என்றும் கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார்.

முதலில் குட்டைப் பாதையை, அதாவது மியோஸ் ஹோர்மோஸ் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் வரிசையாக எழுதுங்கள்: கோப்டோஸ், ஃபொய்னிகோன் (இன்றைய லகெய்தா, இரண்டு பாதைகளும் பிரியும் இடம்), கிரோகோடிலோ (அல்-முவைஹ்), பெர்சு, மாக்சிமியானோன் (அல்-ஸர்கா), கடைசியில் மியோஸ் ஹோர்மோஸ். இடையில் இன்னும் சில தங்கல்கள் உண்டு. அவற்றை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஆறு பெயரும் நம் ஊர் பேருந்து நிறுத்தங்கள் போல வரிசையாக நாக்கில் வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் படி: வானிலிருந்து பாருங்கள்

கூகுள் எர்த்தில் கிஃப்ட் நகரைத் தேடி, அங்கிருந்து கிழக்கே குசைருக்குப் போகும் தார்ச்சாலையைப் பின்தொடருங்கள். பழைய பாதையும் பெரும்பாலும் இதே பள்ளத்தாக்குகளில்தான் போனது. ஒட்டகத்துக்கு எளிதான வழிதானே லாரிக்கும் எளிது. வாதி ஹம்மாமாத் என்ற கணவாயைக் கடந்து இன்னும் கிழக்கே போனால் சாலையோரத்தில் ஒரு சிறு சதுரம் தெரியும். அதுதான் அல்-ஸர்கா, பழைய மாக்சிமியானோன். மதில், மூலைக் கோபுரங்கள், நடுவே பள்ளமாகக் கிணற்றுக்குழி எல்லாம் மேலிருந்தே தெரியும்.

அங்கே நிறுத்திவிட்டு மூன்று வேலை செய்யுங்கள்.

அளவுகோல் கருவியால் ஒரு பக்கத்தை அளந்து பாருங்கள். இந்தப் பாதைக் கோட்டைகள் பெரும்பாலும் பக்கத்துக்கு 50 மீட்டரை ஒட்டித்தான் வரும். ஆயிரக்கணக்கான வீரர்கள் இருந்த பெரும் படைமுகாம் என்று மனதில் ஒரு படம் இருந்தால் அது இங்கேயே கலைந்துவிடும்.

அப்புறம் வாசல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். வாசலுக்கு வெளியே மண் சற்று மேடாகவோ நிறம் மாறியோ தெரிகிறதா? அந்த மேட்டைக் குறித்துவையுங்கள். பின்னால் நாம் அதிக நேரம் செலவிடப்போவது அங்கேதான்.

பிறகு படத்தை நகர்த்தி இருபுறக் குன்றுகளின் உச்சியைத் தேடுங்கள். இந்தப் பாதை நெடுகிலும் 60க்கும் மேற்பட்ட காவல் கோபுரங்கள் இருந்தன. ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும்படி அவை அமைந்திருக்கின்றன. படத்தில் சிறு புள்ளியாகத்தான் தெரியும், பல தெரியவே தெரியாது. ஒன்றைக் கண்டுபிடித்தாலும் போதும், காவலர் எங்கே உட்கார்ந்து எந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது விளங்கிவிடும்.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களையும் பார்க்கும் வசதி உண்டு. அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். தங்கம் தேடுவோரின் இயந்திரங்கள் இந்தப் பாலைவனத்தில் பல தொல்லிடங்களைக் கிளறிப்போட்டிருக்கின்றன. சில இடங்கள் பழைய படத்தில்தான் முழுதாக இருக்கும். பார்க்கும்போது வயிறு எரியும், ஆனாலும் பார்த்துக் குறித்துவைப்பது நல்லது.

மூன்றாம் படி: தண்ணீரைக் கேளுங்கள்

ஒரு கோட்டையின் வரைபடம் கையில் வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீர் எங்கே? கோட்டையின் நடுவில் கிணறு. அதையொட்டிச் சாந்து பூசிய தொட்டிகள். மதிலின் உட்புறத்தில் வரிசையாகச் சிறு அறைகள். சில கோட்டைகளில் சின்னக் குளியலறைகூட உண்டு. யானை, சிங்கம் என்று அலங்காரம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். பாலைவனத்தில் குளிப்பதற்கென்று ஓர் அறை கட்டியதே பெரிய ஆடம்பரம்.

பெரெனிகேக்கு அருகில் சிகெத் என்ற இடத்தில் ஒரு லத்தீன் கல்வெட்டு கிடைத்தது. எகிப்தின் ஆளுநர் லூசியஸ் ஜூலியஸ் உர்சஸ் பெரெனிகேயிலிருந்து திரும்பும் வழியில், இங்கே நீர் இருக்கிறதா என்று தேடச் சொன்னார், நீர் கிடைத்ததும் கோட்டையும் தொட்டிகளும் கட்ட உத்தரவிட்டார் என்பது அதன் செய்தி. காலம் பேரரசர் வெஸ்பாசியனின் 9ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 76/77.

அந்தக் கல்வெட்டில் வேலைகள் வரும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் நீர், அப்புறம்தான் மதில். ஆகவே ஒரு கோட்டை ஏன் இந்த இடத்தில் இருக்கிறது, ஏன் இன்னும் உயரமான குன்றில் இல்லை என்று குழப்பம் வந்தால், போர்த்தந்திரத்தைத் தேடும் முன் நிலத்தடி நீரைப் பற்றி யோசியுங்கள். கிணற்றைக் கையில் வைத்திருந்தவர்தான் பாதையைக் கையில் வைத்திருந்தார்.

நான்காம் படி: குப்பைமேட்டில் உட்காருங்கள்

வாசலுக்கு வெளியே ஒரு மேடு பார்த்தோமே, அதுதான் குப்பைமேடு. பல தலைமுறைக் காவலர்கள் அறையைப் பெருக்கி, சாம்பலை அள்ளி, உடைந்த சாடியையும் எலும்பையும் பழைய கடிதத்தையும் கொண்டுவந்து கொட்டிய இடம். எலென் குவிஞி தலைமையிலான பிரெஞ்சுக் குழு 1990களின் நடுவிலிருந்து மாக்சிமியானோன், கிரோகோடிலோ, திதிமோய், தியோஸ், க்செரோன் பெலாகோஸ் (கடைசி மூன்றும் பெரெனிகே பாதையில்) ஆகிய கோட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அகழ்ந்தது. ஆயிரக்கணக்கான எழுத்துள்ள ஓடுகள் பெரும்பாலும் இத்தகைய குப்பையிலிருந்துதான் வெளிவந்தன.

கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்பது அகழாய்வின் பாலபாடம். குப்பைமேட்டில் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். புதிதாக வந்த பொறுப்பாளர் ஒருவர் பத்தாண்டு தூசி படிந்த அறையைச் சுத்தம் செய்யச் சொல்லியிருப்பார். அந்தப் பழைய குப்பை, அண்மைக் குப்பைக்கு மேலே போய் விழுந்திருக்கும். நம் வீட்டில் பரணைச் சுத்தம் செய்யும் நாளை நினைத்துப் பாருங்கள், தாத்தா காலத்து ரசீது இன்றைய செய்தித்தாளுக்கு மேலே கிடக்கும். அதனால் அறிக்கைகளைப் படிக்கும்போது, ஒரு ஓட்டின் காலத்தை அடுக்கை மட்டும் வைத்துச் சொல்கிறார்களா, அதில் எழுதியிருக்கும் ஆண்டையும் வைத்துச் சொல்கிறார்களா என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எலும்பும் விதையும் வரும் அட்டவணைகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்தக் கோட்டைகளில் பன்றி வளர்த்திருக்கிறார்கள். புல் முளைக்காத இடத்தில் மிச்சம் மீதியைத் தின்று வளரும் விலங்கு அதுதான். எலும்பும் அதைச் சொல்கிறது, கடிதங்களும் சொல்கின்றன. இரண்டு வேறுபட்ட சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்லும் இடங்களுக்கு நோட்டில் தனி நிறத்தில் கோடு போடுங்கள். நாளடைவில் அந்தக் கோடுகள்தான் உங்கள் பிடிமானமாக இருக்கும்.

ஐந்தாம் படி: ஓட்டுக் கடிதத்தைப் படிக்கப் பழகுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், அதற்கேற்ற பலனும் உண்டு.

பாப்பிரஸ் தாள் காசு கொடுத்து வாங்க வேண்டியது. உடைந்த ஒயின் சாடி சும்மா கிடந்தது. ஆகவே ஆம்போரா சாடியின் ஓட்டை எடுத்து, நாணல் எழுதுகோலை மையில் தோய்த்து எழுதினார்கள். இப்படிப்பட்ட ஓட்டுக்கு ஓஸ்ட்ராகோன் என்று பெயர், பன்மையில் ஓஸ்ட்ராகா. மொழி பெரும்பாலும் கிரேக்கம், லத்தீன் கொஞ்சம். ரோமானியப் படை லத்தீன்தான் பேசியிருக்கும் என்ற எண்ணத்தையும் இங்கே விட்டுவிடலாம்.

பாப்பிரி.இன்ஃபோ (papyri.info) என்ற இலவசத் தளத்தில் வெளியான ஓஸ்ட்ராகாவின் மூலங்கள் உள்ளன, சிலவற்றுக்கு மொழிபெயர்ப்பும் கிடைக்கும். கிரோகோடிலோ ஓடுகளுக்கு ஓ.கிரோக். (O.Krok.), ஏழாம் படியில் வரும் கல் குவாரியான மோன்ஸ் கிளாடியானஸ் ஓடுகளுக்கு ஓ.கிளாட். (O.Claud.), திதிமோய் ஓடுகளுக்கு ஓ.தித். (O.Did.) என்று சுருக்கப் பெயர்கள் உண்டு. தேடும்போது ரோமன் எழுத்தில் அடிக்க வேண்டும். கூடவே எண் இருக்கும். உங்கள் நோட்டிலும் அந்த எண்ணை எழுதுங்கள். எண் இல்லாத குறிப்பு ஆறு மாதம் கழித்து உங்களுக்கே உதவாது.

திறந்ததும் அடைப்புக்குறிகள் கண்ணைக் கட்டும். அவற்றுக்கு உலகம் முழுக்க ஒரே இலக்கணம்தான். சதுர அடைப்புக்குள் இருப்பது, ஓடு உடைந்து அழிந்துபோனதால் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. வளைவு அடைப்புக்குள் இருப்பது, எழுதியவர் சுருக்கமாக விட்டதைப் பதிப்பாசிரியர் விரித்தது. கூர் அடைப்பு, எழுதியவர் தவறிப்போய் விட்ட எழுத்து. எழுத்துக்குக் கீழே புள்ளி இருந்தால் அந்த எழுத்து ஐயத்துக்குரியது. இதில் சதுர அடைப்புதான் நமக்கு முக்கியம். ஒரு வாதம் முழுக்கச் சதுர அடைப்புக்குள் இருக்கும் சொல்லை நம்பி நிற்கிறது என்றால், அதைப் பென்சிலால் மட்டும் எழுதிவையுங்கள்.

கடிதத்தின் உடல் எளிது. முதலில் இன்னார் இன்னாருக்கு வணக்கம். அடுத்து, எல்லாவற்றுக்கும் முன் நீ நலமாயிருக்க வேண்டுகிறேன். பல கடிதங்களில் இதையொட்டி, இங்கே உள்ள தெய்வங்களின் முன் உனக்காக வழிபாடு செய்கிறேன் என்று ஒரு வரி வரும். பிறகு விஷயம். கடைசியில் நலமாயிரு. நம் வீடுகளில் இன்லேண்டு கடிதம் எழுதிய காலத்து "நலம், நலமறிய ஆவல்" நினைவுக்கு வருகிறதல்லவா? அதை எழுதுகிறவர் யோசித்து எழுதுவதில்லை. ஆகவே அந்த வணக்க வரிகளை வைத்து எழுதியவரின் பக்தியை அளக்க வேண்டாம். விஷயம் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து மெதுவாகப் படியுங்கள்.

அடுத்தது தேதி. இதில் தடுக்கி விழாதவர் இல்லை. எகிப்தில் ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று தொடங்கும் (நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 30). மாதங்கள் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் 30 நாள், கடைசியில் ஐந்து நாள் தனியாக. முதல் மாதம் தோத். பேரரசர் பதவியேற்ற நாளிலிருந்து அடுத்த ஆகஸ்ட் 28 வரை அவருடைய முதல் ஆண்டு. ஹேட்ரியனை எடுத்துக்கொள்ளுங்கள். பதவியேற்றது 117 ஆகஸ்ட் 11. அப்படியென்றால் அவருடைய முதல் ஆண்டு வெறும் 18 நாள்தான்! 117 ஆகஸ்ட் 29 அன்றே இரண்டாம் ஆண்டு பிறந்துவிட்டது. ஓட்டில் இரண்டாம் ஆண்டு, ஃபாமெனோத் மாதம் 17 என்று இருந்தால் அது 118 மார்ச் 13. இரண்டாம் ஆண்டு என்பதால் 119 என்று போட்டுவிடுவது மிக இயல்பான பிழை. ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் நம் தேதிகளோடு எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இந்தத் தேதியை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 118 மார்ச்சில் பத்குவா என்ற சிறு கோட்டையை 60 "பார்பரர்கள்" (கோட்டைக்கு வெளியே திரிந்த பாலைவன மக்களை ஓடுகள் அழைக்கும் பெயர்) தாக்கினார்கள். அந்தச் செய்தி கோட்டை கோட்டையாகச் சுற்றறிக்கையாகப் போயிற்று. கிரோகோடிலோவில் இருந்தவர் வந்த அறிக்கைகளை ஒரு ஆம்போராவின் பெரிய துண்டில் படியெடுத்து வைத்தார். அதுதான் ஓ.கிரோக். 87. மாலையில் தொடங்கிய சண்டை இருட்டிய பிறகும் நடந்தது, விடியும்வரை முற்றுகை நீடித்தது. படைவீரர்களோடு ஒரு பெண்ணும் குழந்தைகளும் அதில் சிக்கினார்கள். ரோமிலிருந்த எந்த வரலாற்றாசிரியரும் இந்தச் சண்டையைப் பதிவு செய்யவில்லை. ஒரு எழுத்தர் சாடித்துண்டில் குறித்துவைத்ததால் மட்டுமே நமக்குத் தெரிகிறது.

ஆறாம் படி: ஆட்களைப் பின்தொடருங்கள்

கோட்டைப் பொறுப்பாளருக்குக் குராட்டோர் என்று பெயர். அவருக்குக் கீழே காலாட்கள், அஞ்சல் சுமக்கும் சில குதிரைவீரர்கள். கிரோகோடிலோவில் அஞ்சல் பதிவேடுகளே கிடைத்திருக்கின்றன. எந்த நாளில் எத்தனையாவது மணிக்கு எங்கிருந்து கடிதம் வந்தது, யார் எடுத்துக்கொண்டு போனார் என்று குறித்திருக்கிறார்கள். செங்கடல் மீன்கூடச் சில நேரம் இந்த அஞ்சல்காரர்களின் கையில் கோப்டோஸ் பக்கம் போயிருக்கிறது.

ஆனால் கோட்டை என்றால் படை மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபிலோக்லீஸ் என்றொருவர். கிரோகோடிலோவிலும் திதிமோயிலும் கிடைத்த கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறார். கோட்டைகளுக்கிடையே காய்கறி முதலான பொருள்களை அனுப்பி வாணிகம் செய்தார். கூடவே பெண்களை மாத வாடகைக்குக் கோட்டைகளுக்கு அனுப்பும் தொழிலும் செய்தார். அவருடைய துணைவி ஸ்க்னிப்ஸின் பெயரும் கடிதங்களில் வருகிறது. அந்த வாடகைப் பெண்களின் குரல் நமக்கு நேரடியாகக் கேட்பதில்லை. அவர்களைப் பற்றிப் பிறர் பேசும் பேரமும் கணக்கும்தான் மிச்சம். படிக்கும்போது மனம் கனக்கும். அதைத் தாண்டி ஓடாமல், ஒவ்வொரு இடத்திலும் அவளுக்குப் பெயர் சொல்லியிருக்கிறார்களா, விலை மட்டும் சொல்லியிருக்கிறார்களா என்று குறித்துவையுங்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க ஒரு கல்வெட்டு உண்டு. கோப்டோஸில் 90ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுத்தப்பட்ட சுங்கப் பட்டியல் அது. பாலைவனப் பாதையில் போகிறவர்களுக்கான கட்டணங்கள் அதில் உள்ளன. படைவீரரின் பெண்டிருக்கு 20 திராக்மா. கப்பலின் பாய்மரத்துக்கும் 20 திராக்மா. தொழிலுக்காகக் கொண்டுபோகப்படும் பெண்களுக்கு 108 திராக்மா. சவ ஊர்வலம் போய்த் திரும்ப 1 திராக்மா 4 ஓபல். அக்காலத்து வீரர்களுக்குச் சட்டப்படி திருமணம் கிடையாது, ஆனால் சுங்கப் பட்டியலில் அவர்களின் பெண்டிருக்கென்று தனி வரி இருக்கிறது. சட்டம் ஒன்றைச் சொல்ல வாழ்க்கை வேறு மாதிரி போனதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை.

ஏழாம் படி: பாதையை விட்டுக் கல் குவாரிக்குப் போய்வாருங்கள்

ஒரு பாதை பிடிபட்டதும் ஒப்பிட இன்னொரு இடம் வேண்டும். அதற்கு மோன்ஸ் கிளாடியானஸ் பொருத்தம். ரோமில் பாந்தியன் கோயிலின் முகப்பில் நிற்கும் சாம்பல் நிறத் தூண்கள் இந்த மலையிலிருந்து வெட்டிக்கொண்டு போனவை. அங்கே 1987 முதல் 1993 வரை நடந்த அகழாய்வில் 9,000க்கும் மேற்பட்ட ஓஸ்ட்ராகா கிடைத்தன. வெட்டி முடித்து, விரிசல் விட்டு, ஒட்டுப்போட்டும் பயன்படாமல் கைவிட்ட ஏறத்தாழ 200 டன் தூண் ஒன்று இன்றும் அங்கே படுத்துக் கிடக்கிறது.

குவாரி என்றால் அடிமைகளும் சங்கிலியும் என்ற படம்தான் பலருக்கும். ஓடுகள் சொல்வது வேறு. உள்ளூர்த் தொழிலாளிகளுக்கு மாதம் 47 திராக்மா கூலி, ஓர் அர்தபா கோதுமை, அதாவது ஏறத்தாழ 30 கிலோ. அந்தக் கோதுமையை யாரிடம் கொடுக்க வேண்டும், கூலியில் என்னென்ன வாங்கி அனுப்ப வேண்டும் என்று நைல் பக்கத்து அலுவலர்களுக்குத் தொழிலாளிகள் எழுதிய குறிப்புகள் ஏராளம். நோயாளிப் பட்டியல்களில் தேள் கடித்தவர் என்று தனியாகக் குறித்திருக்கிறார்கள். தண்ணீர்ப் பங்கீட்டுப் பட்டியல் ஒன்றைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கட்டத்தில் அங்கே 900 பேருக்கு மேல் இருந்தது தெரிகிறது. மக்கிப்போகாத உணவு மிச்சங்களில் 50க்கும் மேற்பட்ட உண்ணும் தாவரங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். நைலிலிருந்து 100 கி.மீ.க்கும் மேல் உள்ளே, கல்லைத் தவிர எதுவும் விளையாத இடத்தில்! அவற்றில் மிளகும் இருந்தது.

எட்டாம் படி: மிளகு வந்த வழி

அந்த மிளகு நம்மை நேராகத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போகும். இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு சலுகை உண்டு, சில ஓடுகளை மொழிபெயர்ப்பு இல்லாமலே படிக்கலாம். குசைர் அல்-காதிமில் 1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழகக் குழு அகழ்ந்தபோது தமிழ் பிராமியில் கணன், சாதன் என்ற பெயர்கள் கீறிய ஓடுகள் கிடைத்தன. பின்னால் அதே இடத்தில் கிடைத்த இன்னொரு ஓட்டில் இருந்ததைப் "பானை ஒறி" என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். ஒறி என்பது நம் வீட்டுக் கூரையில் தொங்கிய உறிதான். பெரெனிகேயிலும் தமிழ் பிராமி ஓடு கிடைத்தது. அங்கே செராபிஸ் கோயிலருகே, இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்றில் 7.55 கிலோ மிளகு அப்படியே இருந்தது.

கீழடியிலோ கொடுமணலிலோ பெயர் கீறிய ஓடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சு துள்ளும். எனக்கும் துள்ளியது. ஆனால் ஓடு சொல்வதைத் தாண்டி ஓடாதீர்கள். பெயர் கீறிய பானை ஒன்று அங்கே போயிருக்கிறது என்பது உறுதி. அந்தக் கணன் அங்கே வாழ்ந்தாரா, கப்பலில் வந்து போனாரா, பானை மட்டும் கைமாறிப் போனதா என்பதற்கு அந்த ஓடு மட்டும் விடை தராது. உறி என்ற சொல் வேறு வகைச் சான்று. அது அன்றாடப் புழக்கத்துச் சொல். பொருளின் பெயரைத் தமிழில் எழுதிவைக்க அதைப் படிக்கத் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இது என் கருத்து, கருத்தாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: "பார்பரர்" என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள்

ஓடுகளை எழுதியது கோட்டைக்கு உள்ளே இருந்தவர்கள். வெளியே ஆடும் ஒட்டகமும் மேய்த்துத் திரிந்தவர்களின் கடிதம் ஒன்றும் நமக்கு இல்லை. 118இல் அவர்கள் தாக்கியது எதனால்? ரோமானியர் கிணறு தோண்டி மதில் எழுப்பிய நிலம் அவர்களின் மேய்ச்சல் நிலமும்தான். மூன்றாம் நூற்றாண்டில் க்செரோன் பெலாகோஸ் கோட்டையில் அதே "பார்பரர்களுக்கு"க் கோதுமை அளந்து கொடுத்த கணக்குகள் ஓடுகளில் உள்ளன. அவர்களின் தலைவர் ஒருவருடைய பெயர் பரதித் என்றும் வருகிறது. சண்டை ஓட்டை மட்டும் படித்தால் பகைவர், கோதுமைக் கணக்கைப் படித்தால் அண்டை வீட்டார். இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதிவையுங்கள்.

நேரில் போக நினைத்தால்

குசைர் சாலையோரக் கோட்டைகளை வண்டியிலிருந்தே பார்க்கலாம். ஆனால் பாலைவனத்தின் உட்பகுதிகளுக்கு முன்னனுமதி வேண்டும். சொந்தமாகக் கிளம்பிப் போகக் கூடாது, பாதுகாப்பும் இல்லை. முக்கியமாக, காலடியில் கிடக்கும் சின்ன ஓட்டைக்கூட எடுக்காதீர்கள். எகிப்தின் 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் தொல்பொருள் சட்டப்படி அது குற்றம். சட்டத்தை விடுங்கள், எழுத்து மங்கிய ஓடு ஒன்று இடம் மாறினால் அது எந்தக் குப்பையின் எந்த அடுக்கில் இருந்தது என்ற செய்தி நிரந்தரமாகப் போய்விடும். படம் எடுத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே விட்டுவாருங்கள்.

இந்த வாரமே தொடங்க ஒரு பயிற்சி. ஓ.கிரோக். 87க்கு ஒரு மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்து மூன்று முறை படியுங்கள். முதல் முறை கோட்டைப் பொறுப்பாளராக: எத்தனை ஆள் இருந்தார்கள், அடுத்த கோட்டைக்குச் செய்தி எப்படிப் போயிற்று? இரண்டாம் முறை மதிலுக்குள் இருந்த அந்தப் பெண்ணாக: கிணறு எங்கே, அறை எங்கே, வாசல் எங்கே? மூன்றாம் முறை வெளியே நின்ற 60 பேரில் ஒருவராக. ஒவ்வொரு முறையும் விடை கிடைக்காத கேள்விகளைத் தனிப்பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த மாதம் எந்த அகழாய்வு அறிக்கையைத் திறப்பது என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.